டி.என்.ஏ. பரிசோதனை: எந்தக் கேள்விக்கு விடை, எந்தக் கேள்விக்கு இல்லை

டி.என்.ஏ. பரிசோதனை எப்படி வளர்ந்தது, அதன் முடிவை அப்படியே நம்பிவிடலாமா, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகாமல் வாழும் சாதாரணக் குடும்பத்துக்கு அதனால் என்ன என்று நண்பர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். மூலக்கூறு உயிரியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். இந்தப் பரிசோதனை மிகக் குறுகிய ஒரு கேள்விக்கு மிக உறுதியான விடை தருகிறது: இந்த மாதிரி யாருடையது, அல்லது இந்த இருவரும் ரத்த உறவா? அந்த உறுதியை அது விடை சொல்லாத மற்ற கேள்விகளுக்கும் நீட்டிக்கொள்ளும்போதுதான் தவறுகள் நடக்கின்றன.

டி.என்.ஏ. வருவதற்கு முன்பு நம்மிடம் இருந்தது ரத்த வகை. அது ஒருவரைத் தந்தை அல்ல என்று விலக்க உதவும். தந்தைதான் என்று நிறுவ உதவாது. விலக்கியபோதும் எல்லா நீதிமன்றங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. நடிகர் சார்லி சாப்ளின் மீது அமெரிக்காவில் தொடரப்பட்ட தந்தைமை வழக்கில், தாய் ஏ வகை, குழந்தை பி வகை, சாப்ளின் ஓ வகை என்று தெரியவந்தது. அந்தக் குழந்தைக்கு அவர் தந்தையாக இருக்கவே முடியாது. ஆனாலும் 1945இல் ஜூரி அவரையே தந்தை என்றது. ஆய்வகத்தின் சொல்லை மதிக்காத காலம் அது. இன்று நாம் இருப்பது அதற்கு நேர் எதிரான முனையில்.

மாற்றம் தொடங்கிய நாள் 1984 செப்டம்பர் 10. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் அன்று காலை ஓர் எக்ஸ்ரே படலத்தை எடுத்துப் பார்த்தார். அவர் தேடிக்கொண்டிருந்தது மரபணுக்கள் மனிதருக்கு மனிதர் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கான குறிகளைத்தான், குற்றவாளிகளை அல்ல. படலத்தில் அவருடைய ஆய்வக உதவியாளரின் குடும்பத்தினருடைய டி.என்.ஏ. மாதிரிகள் கோடுகளாகப் பதிந்திருந்தன. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கோட்டு வரிசை. அதே சமயம் பிள்ளையின் ஒவ்வொரு கோடும் தாயிடமோ தந்தையிடமோ இருந்தது. இதைக் கொண்டு ஆளையும் அடையாளம் காணலாம், உறவையும் அடையாளம் காணலாம் என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

இந்த முறைக்கு வந்த முதல் வழக்கு கொலை வழக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு தாயின் வழக்கு. கானாவுக்குச் சென்று திரும்பிய 13 வயதுச் சிறுவனை பிரிட்டிஷ் குடிவரவுத் துறை நம்ப மறுத்தது. அவன் அந்தப் பெண்ணின் மகன் அல்ல, சகோதரியின் மகனாக இருக்கலாம் என்றது. தந்தையின் மாதிரி கிடைக்கவில்லை. தாயின் ரத்தத்தையும் மற்ற மூன்று பிள்ளைகளின் ரத்தத்தையும் வைத்து, தாயிடம் இல்லாத கோடுகளிலிருந்து தந்தையின் கோட்டு வரிசையை ஜெஃப்ரிஸ் மீட்டெடுத்தார். சிறுவன் அதே தாய்தந்தையரின் மகன் என்பது உறுதியாகி, 1985இல் வழக்கு கைவிடப்பட்டது. ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன்பாக இந்தத் தொழில்நுட்பம் ஒரு பிள்ளையைத் தாயிடம் சேர்த்தது என்பதை என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன்.

குற்றவியலில் அதன் முதல் வேலையும் ஒருவரைக் காப்பாற்றியதுதான். லெஸ்டருக்கு அருகே நார்பரோ, எண்டர்பி ஆகிய ஊர்களில் 1983இலும் 1986இலும் இரண்டு பதினைந்து வயதுச் சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையையும் அவன் மீது நிறுவலாம் என்ற எண்ணத்தில் காவல்துறை ஜெஃப்ரிஸை அணுகியது. இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான், ஆனால் அது இந்த இளைஞன் அல்ல என்று முடிவு வந்தது. வாக்குமூலம் கையில் இருந்தும் அவனை விடுவிக்க வேண்டியதாயிற்று. பிறகு வட்டாரத்து ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் மாதிரி வாங்கியும் யாரும் பொருந்தவில்லை. காரணம், உண்மைக் குற்றவாளி தன் பெயரில் மாதிரி கொடுக்கத் தன்னோடு வேலை பார்த்தவரை அனுப்பியிருந்தான். அவர் மதுக்கடையில் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த பெண் காவல்துறையிடம் தெரிவித்தார். 1987இல் கைது, 1988இல் ஆயுள் தண்டனை. ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், குழாயில் இருப்பது யாருடைய ரத்தம் என்பதை ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்கள்தான் சரிபார்க்க வேண்டும். முதல் குற்ற வழக்கிலேயே தெரிந்துவிட்ட இந்த உண்மையை இன்றும் நாம் மறந்து மறந்து திரும்பக் கற்றுக்கொள்கிறோம்.

ஜெஃப்ரிஸின் முறைக்குக் கெடாத ரத்தம் நிறையத் தேவைப்பட்டது. வாரக்கணக்கில் நேரம் பிடித்தது. அதை எளிதாக்கியது 1983இல் கேரி முல்லிஸ் உருவாக்கிய பிசிஆர். டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் சூடாக்கிப் பிரித்து, குளிரவைத்து நகலெடுத்து, மீண்டும் சூடாக்கி என்று ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கினால் முப்பது சுற்றில் ஒன்று 100 கோடிக்கும் மேல் ஆகும். இதனால் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஒட்டிய எச்சில்கூடப் போதும் என்ற நிலை வந்தது.

இன்று ஒரு தந்தைமைப் பரிசோதனையில் என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்போம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் சில விநாடிகள் தேய்த்து எடுக்கிறார்கள். குச்சியைக் காற்றில் உலரவிட்டுக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கி, பாக்டீரியா பெருகி, டி.என்.ஏ. சிதைந்துவிடும். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்று நாம் எழுத்துகளால் குறிக்கும் நான்கு வேதி அலகுகளின் நீண்ட வரிசை. மனித டி.என்.ஏ.வில் உள்ள சுமார் 300 கோடி எழுத்துகளையும் ஆய்வகம் படிப்பதில்லை. நான்கைந்து எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களை மட்டும் பார்க்கிறது. பதினோராவது குரோமோசோமில் அப்படி ஓரிடத்தில் ஏஏடிஜி என்ற நான்கெழுத்து சிலருக்கு 6 முறையும் சிலருக்கு 9 முறையும் அடுக்கி வரும். ஒவ்வொருவரிடமும் தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். தாய்க்கு 6, 9. குழந்தைக்கு 6, 8 என்று வைத்துக்கொள்வோம். 6 தாயிடமிருந்து வந்திருக்கிறது. அப்படியானால் 8 தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். தந்தை எனச் சொல்லப்படுபவருக்கு 7, 9 என்றிருந்தால் அந்த இடம் பொருந்தவில்லை. ஆனால் அந்த ஓர் இடத்தை மட்டும் வைத்து அவரை விலக்கிவிட மாட்டார்கள். நகலெடுப்பில் ஓர் அடுக்கு கூடவோ குறையவோ செய்வது ஆயிரத்துக்கு ஓரிரு தடவை இயல்பாகவே நேரும். பல இடங்களில் பொருத்தம் தவறும்போதுதான் விலக்குவார்கள். அறிக்கையில் ஒரே ஒரு பொருந்தாமையைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தில் பூகம்பத்தைக் கிளப்ப நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர் லால்ஜி சிங். கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் பாலினக் குரோமோசோமை ஆராய்ந்தபோது கிடைத்த ஒரு டி.என்.ஏ. துண்டு மனிதரையும் வேறுபடுத்திக் காட்டும் என்று அவர் கண்டார். ஹைதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் அதையே கருவியாக்கினார். வெளிநாட்டு முறையைக் காசு கொடுத்து வாங்காமல் நம் நாட்டிலேயே உருவான வழி இது. 1989இல் கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில், தன் குழந்தைக்குத் தந்தை யார் என்பதை நிறுவ ஒரு பெண் போராடிய வழக்கில் இந்தச் சான்று முதன்முதலாக ஏற்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கிலும் இந்த மையத்தின் ஆய்வு பயன்பட்டது. விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா வழக்கில், ஆசிரமப் பெண் ஒருவரின் கலைந்த கருவுக்கு அவரே தந்தை என்பதை டி.என்.ஏ. காட்டியது. எதிர்த்தரப்பு வெளிநாட்டு வல்லுநரைக் கொண்டுவந்தும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆதரவற்ற பெண்ணின் சொல்லுக்கும் செல்வாக்குள்ள மனிதரின் சொல்லுக்கும் இடையே நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டிய இடத்தில், யாருக்கும் அஞ்சாத ஒரு சாட்சி கிடைத்ததன் அருமையை இந்த வழக்கில்தான் தமிழ்நாடு கண்டது.

ஈழத்தில் அந்த அருமையை உணர்த்தியது கடல். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு கல்முனை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தை ஒன்று, அனுமதிப் பதிவேட்டின் வரிசைப்படி 81ஆம் எண் குழந்தை என்று உலகெங்கும் அறியப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பலர் அது தங்கள் பிள்ளை என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். பெற்றவர்களிடமோ பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஒரு நிழற்படம்கூட இல்லை. எல்லாவற்றையும் அலை கொண்டுபோயிருந்தது. நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிட்டு, 2005 பிப்ரவரி நடுவில் குழந்தை அவர்களுடையதே என்று அறிவித்தது. காகிதம் அழிந்த இடத்தில் உடம்பே ஆவணமாக நின்றது. போரில் ஆவணங்களை இழந்து கனடாவுக்குப் பிள்ளைகளை அழைக்க விண்ணப்பித்த குடும்பங்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. ஆவணங்கள் போதாதபோது அந்த நாட்டின் குடிவரவுத் துறை டி.என்.ஏ. முடிவை ஏற்றுக்கொள்கிறது.

இனி, முடிவை அப்படியே நம்பிவிடலாமா என்ற இரண்டாவது கேள்வி. அறிக்கையில் 99.99 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் நமக்கு விவாதமே முடிந்துவிட்டதாகத் தோன்றும். அந்த எண் உண்மையில், தொடர்பே இல்லாத வேறொரு மனிதரோடு ஒப்பிடும்போது இவர் தந்தையாக இருக்கும் வாய்ப்பைச் சொல்வது. சந்தேகம் இவருடைய உடன்பிறந்தவர் மீது என்றால் கணக்கே மாறும். அதை ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அறிக்கை தவறான நம்பிக்கையைத் தரும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரை வழக்கமான பரிசோதனை பிரித்துக் காட்டவே காட்டாது.

இதைவிடப் பெரிய சிக்கல், டி.என்.ஏ. அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பது. ஜெர்மனியின் ஹைல்பிரானில் 2007இல் பெண் காவலர் ஒருவர் கொல்லப்பட்டபோது கிடைத்த பெண் டி.என்.ஏ., அதற்கு முன்பு பல ஆண்டுகளாகப் பல ஊர்களில் நடந்த குற்றங்களிலும் கிடைத்திருந்தது. முகம் தெரியாத ஒரு கொடூரக் குற்றவாளியைத் தேடிக் காவல்துறை அலைந்தது. 2009இல் உண்மை தெரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த ஆலையில் வேலை செய்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது. குச்சியில் கிருமி நீக்கப்பட்டிருந்தது; டி.என்.ஏ. நீக்கப்பட்டிருக்கவில்லை. கலிபோர்னியாவில் 2012இல் கொலையுண்ட ஒருவரின் நகத்தில் வேறொருவரின் டி.என்.ஏ. கிடைத்து, அவர் மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். கொலை நடந்த இரவில் அவர் மதுமயக்கத்தில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்திருக்கிறார். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிச்சென்ற அதே பணியாளர்கள் சில மணி நேரம் கழித்துக் கொலையுண்டவரையும் தொட்டிருக்கிறார்கள். அவர்கள் வழியாகத்தான் அது இடம் மாறியது. இரண்டிலும் ஆய்வகம் தவறே செய்யவில்லை. அதனால்தான் இவை என்னை அச்சுறுத்துகின்றன.

நம் மாநிலத்திலேயே அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகள் எடுக்கப்பட்டதிலிருந்து ஆய்வகம் சேரும்வரை யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்பதில் இருந்த ஓட்டைகளே டி.என்.ஏ. சான்றை நம்ப முடியாமல் செய்துவிட்டன. மாதிரியை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்பதற்குத் தொடர் பதிவேடு இருக்க வேண்டும், வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் அந்தத் தீர்ப்பு வகுத்தது. ஓர் உறையும் ஒரு பதிவேடும்தானே என்று தோன்றலாம். ஒரு மனிதரின் கழுத்து அந்தப் பதிவேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சாதாரணக் குடும்பத்தை இந்தப் பரிசோதனை அதிகம் தொடுவது குடும்ப நீதிமன்றத்தில். ஜீவனாம்சம் கேட்டு மனைவி வழக்குப் போட்டதும், குழந்தை எனக்குப் பிறந்ததே அல்ல, டி.என்.ஏ. பாருங்கள் என்று மனு வருவது வழக்கமாகிவிட்டது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதிநியத்தின் 116ஆம் பிரிவு, திருமண உறவு நிலைத்திருக்கையில் பிறந்த குழந்தை கணவனுடையதே என்று முடிவாகக் கொள்கிறது. இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால் மட்டும் விலக்கு. கேட்டவுடன் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல், முடிவு வந்து அது எதிராகவும் இருந்தால் சட்ட ஊகத்தைவிட அறிவியல் உண்மையே மேல் என்றது. 2023 பிப்ரவரித் தீர்ப்பில், பெற்றோர் சண்டையில் தன் பிறப்பு தேவையின்றிக் கேள்விக்குள்ளாக்கப்படாமல் இருக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று வலியுறுத்தியது. சிலர் இதை அறிவியலுக்கு எதிரான பழைமைவாதம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் உயிரணு கொடுத்தார் என்பதற்கு ஆய்வகம் விடை சொல்லும். எட்டு வருடம் பள்ளிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் அந்தக் குழந்தைக்கு யார் என்பதற்கு அதனிடம் விடை கிடையாது.

மருத்துவமனையில் இதே நுட்பம் ஓசையின்றி நிறைய நன்மை செய்கிறது. சளியைக் கண்ணாடி வில்லையில் பார்த்து, வளர்ப்பு ஊடகத்தில் வாரக்கணக்கில் காத்திருந்த காசநோய்ச் சோதனையை இப்போது ட்ரூநாட் போன்ற கருவிகள் சில மணி நேரத்தில் முடிக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் சொல்லிவிடுகின்றன. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட நாம் எல்லோரும் பிசிஆரின் பயனாளிகளே. தாயின் ரத்தத்திலேயே கருவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று 1997இல் டென்னிஸ் லோ கண்டறிந்ததால், தாயின் வயிற்றில் ஊசி குத்தாமலேயே டவுன் நோய்க்குறியின் வாய்ப்பை அறிய முடிகிறது. ஆனால் அது முதற்கட்டச் சல்லடை மட்டுமே. அதை வைத்துக் கருவைக் கலைக்க முடிவெடுக்கக் கூடாது, உறுதிப்படுத்தும் சோதனை தேவை. அதே மாதிரியில் கருவின் பாலினமும் தெரியும் என்பதால், அதை வெளியிடுவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் பொருந்தும்.

நெருங்கிய சொந்தத்திலும் சொந்தச் சாதிக்குள்ளும் மணம் முடிக்கும் நம் சமூகத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய், தந்தை இருவருமே தலசீமியா என்ற மரபுவழி ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. ஆரிய வைசிய சமூகத்தில் சற்றுக் கூடுதலாகக் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு, அறுவைச் சிகிச்சையின்போது சக்ஸினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்தால் மூச்சு திரும்ப மணிக்கணக்கில் ஆகும். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் நேரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ரத்தமேற்றுவதற்காக மாதாமாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் பெற்றோரைப் பார்த்தவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

எச்சிலைக் குழாயில் அனுப்பிப் பூர்வீகம் அறியும் தனியார் சேவைகளை நான் பரிந்துரைப்பதில்லை. 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தபோது அந்தத் தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற முடியாது. அதோடு அது நமக்கு மட்டும் உரியதும் அல்ல. கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்த தொடர்கொலைகாரனை 2018இல் கண்டுபிடித்தது, அவனுடைய தூரத்து உறவினர்கள் பொதுத் தளத்தில் ஏற்றிய மரபணுத் தகவலைக் கொண்டுதான். அவன் பிடிபட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நான் குழாயில் துப்பும்போது என் அத்தை மகன், சித்தப்பா பேரன் எல்லோருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அவர்களை நான் கேட்கவில்லை. இந்தியாவில் டி.என்.ஏ. தரவு வங்கிகளை ஒழுங்குபடுத்தக் கொண்டுவரப்பட்ட 2019ஆம் ஆண்டு மசோதா, 2023இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

இந்த நுட்பத்தின் பயன்களில் அவசரமானது எது என்று கேட்டால், காணாமல் ஆக்கப்பட்டோரை அடையாளம் காண்பது என்பேன். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பெற்றோரைக் கொன்று குழந்தைகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டபோது, பிளாசா தே மாயோ சதுக்கத்தின் பாட்டிமார் என்று அறியப்பட்ட அமைப்பினர் விஞ்ஞானிகளிடம் கேட்டது ஒன்றுதான்: நடுவில் உள்ள தலைமுறை இல்லாமலே எங்கள் பேரப்பிள்ளைகளை அடையாளம் காண முடியுமா? அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் முடியும் என்று காட்டினார். தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அதற்குப் பெரிதும் உதவியது. 1987இல் அவர்கள் தங்கள் ரத்தத்தைச் சேமிக்க ஒரு தேசிய மரபணுத் தரவு வங்கியைச் சட்டப்படி நிறுவச் செய்தார்கள். தாங்கள் இறந்த பிறகும் பேரப்பிள்ளை தேடி வந்தால் விடை இருக்க வேண்டும் என்பதற்காக. அப்படியே, பாட்டிமார் பலர் மறைந்த பிறகும் பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டு வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் செம்மணி மனிதப் புதைகுழியில் 2025இல் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்க முடியும். ஆனால் எலும்பு தன் பெயரைச் சொல்லாது; ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாயின், தந்தையின், உடன்பிறந்தவரின் மாதிரி வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் 2017இலிருந்து பிள்ளைகளின் படத்தை ஏந்தித் தெருவோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரில் பலர் காத்திருந்தே இறந்துவிட்டார்கள். அடையாளம் காணும் பணி எந்த ஆண்டு தொடங்கினாலும் தொடங்கட்டும். இருப்பவர்களின் கன்னத்திலிருந்து ஒரு பஞ்சுக் குச்சி மாதிரியை இப்போதே எடுத்து, உலர்த்தி, காகித உறையிலிட்டு, கொடுப்பவர்களின் ஒப்புதலோடு, நம்பகமான ஒரு சுயாதீன அமைப்பின் காவலில் வைத்துவிட வேண்டும். உலர்ந்த மாதிரி பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.